அழியாமல் நின்ற எண்

ஜனவரி 19, திங்கள்

எங்கள் பள்ளிக்கு இன்று இணையதளம் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் ஆசிரியர் தியாகு சார் காலையிலிருந்து, மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர் போல லேபுக்கும் தாளாளர் அறைக்கும் ஓடிக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் தூக்கமில்லாமல் உழைத்ததாக மேடையில் சொன்னார். உழைத்தாராம். புரோகிராம் ஓடாவிட்டால் மானிட்டரின் தலையைத் தட்டிப் பார்க்கிற மனிதர்.

தளத்தில் வாரத் தேர்வு மதிப்பெண் பார்க்கலாம், விடுப்புக்கு விண்ணப்பிக்கலாம். ‘மனம் திறந்து’ என்று ஒரு பக்கமும் உண்டு. விடுதிக் குறைகளை அதில் எழுதலாம், எழுதியவர் பெயர் வராது, பயப்பட வேண்டாம் என்றார். பிளஸ் ஒன் பிள்ளைகள் கைதட்டினார்கள். மழை வரும் என்று சொன்னாலும் கைதட்டுகிற வகுப்பு அது.

மதியம் எங்கள் பிளஸ் டூ வகுப்பை லேபுக்கு அனுப்பினார்கள். பத்து கணினிக்கு நாற்பது பேர், அதனால் ஒவ்வொன்றின் பின்னாலும் வரிசை. ஒருத்தி லாக்-இன் செய்து, பார்த்து, லாக்-அவுட் செய்து எழுந்ததும் அடுத்தவள் உட்கார வேண்டும். பிரவுசரை மட்டும் யாரும் மூடக் கூடாது. மூடினால் அந்தக் கிழட்டுக் கணினிகள் மறுபடி திறக்க ஐந்து நிமிடம் எடுக்கும் என்று சார் போட்ட சட்டம் அது. நான் நின்றது ஏழாம் எண் கணினிக்குப் பின்னால். எனக்கு முன்னால் கௌசிகா.

கௌசிகா எங்கள் விடுதி வார்டன் தனபாக்கியம் மேடத்தின் வால். சாப்பாட்டுக் கூடத்தில் பட்டியல் வாசிப்பவள். வாரத் தேர்வில் எண்பதுக்குக் கீழே எடுத்தவர்கள் ‘இரண்டாம் வரிசை’. மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை தட்டோடு சுவரோரம் நிற்க வேண்டும். அந்தப் பெயர்களைத்தான் இவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, செய்தி வாசிப்பவள் மாதிரி வாசிப்பாள். இன்று எழுந்தபோது நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, “கையத் தொடச்சுட்டு உக்காருடி பவா. கீபோர்டெல்லாம் வெங்காய வாசம் வந்துரும்” என்றாள். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. விடுதிச் சமையல்காரியின் மகள் மேல் வெங்காய வாசம் வராமல் மல்லிகை வாசமா வரும்.

உட்கார்ந்து ‘மனம் திறந்து’ பக்கத்தில் நான்கு வரி எழுதினேன். இரண்டாம் வரிசைக்குப் போடுவது முந்தின நாள் சோறு. பொங்கல் விடுமுறைக்கு முந்தின வாரம் அதைத் தின்ற ஒரு பிளஸ் ஒன் பெண் வாந்தி எடுத்தாள். அதை வீட்டுக்குச் சொல்லக் கூடாது என்று வார்டன் அவளை மிரட்டினார். அவ்வளவுதான். லாக்-இன் கூடச் செய்யவில்லை. மூன்று நிமிடத்தில் எழுந்துவிட்டேன்.

இதைப் பழைய இயற்பியல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். சமையலறைக்குப் பின்னால் எனக்கும் அம்மாவுக்கும் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். அம்மா தூங்கிவிட்டாள். வராந்தா விளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாக இந்தப் பக்கத்தின் பாதிவரை வருகிறது. எழுதி முடித்ததும் அரிசி மூட்டைக்கு அடியில் வைத்துவிடுவேன்.

ஜனவரி 20, செவ்வாய்

ஒன்றும் நடக்கவில்லை. பள்ளி விட்டதும் இரண்டு கூடை முருங்கைக்கீரை உருவினேன். உருவும்போதெல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 21, புதன்

வேதியியல் வகுப்பின் நடுவில் கௌசிகாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வார்டன் மேடம் ஏதோ எடுபிடி வேலைக்கு அழைக்கிறார் என்று அவள் துள்ளிக்கொண்டு போனாள். அடுத்த மணி அடித்த பிறகு, முகம் வீங்கி வந்து உட்கார்ந்தாள்.

‘மனம் திறந்து’ பக்கத்தில் வருவதையெல்லாம் தாளாளர் தினமும் அச்சடித்துப் பார்க்கிறாராம். அந்த நான்கு வரிக்குப் பக்கத்தில் கௌசிகாவின் சேர்க்கை எண் இருக்கிறதாம். வகுப்பே அதிர்ந்துவிட்டது. பேர் வராதென்று சார் சொன்னாரே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பேர் வரவில்லையே. எண்தானே வந்திருக்கிறது. தியாகு சார் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லாமல் விட்டார். பெரியவர்கள் அதை நிர்வாகம் என்பார்கள்.

தான் எழுதவில்லை என்று அவள் அழுதிருக்கிறாள். “கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா” என்றாராம் தியாகு சார். அது பொய் சொல்லாது. தெரியாதவன் எதைச் சொல்லிக்கொடுக்கிறானோ அதைச் சொல்லும்.

அவள் அப்பா போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறார். அவரை வரச் சொல்லியாயிற்று. திங்கள் குடியரசு தினம் என்பதால் விசாரணை செவ்வாய்க்கிழமை. அன்றே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று அலுவலக அக்கா சொன்னார். செய்முறைத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது டி.சி. வாங்கினால் எந்தப் பள்ளியும் சேர்க்காது. ஒரு வருடம் போய்விடும். அவளை வீட்டில் அதற்கப்புறம் படிக்க வைப்பார்களா என்பதே சந்தேகம்.

பட்டியலை இனி அவள் வாசிக்க வேண்டாம் என்று வார்டன் சொல்லிவிட்டார். நல்லதுதான். எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தேன்.

ஜனவரி 22, வியாழன்

தூக்கம் வரவில்லை. நடந்தது எப்படி என்று ஒழுங்காக எழுதிவிடுகிறேன். தியாகு சாருக்கு விளக்குவதாக நினைத்துக்கொண்டு, மெதுவாக.

ஒருத்தி லாக்-இன் செய்ததும் அவள் யார் என்பதைத் தளம் ஓரிடத்தில் குறித்து வைத்துக்கொள்ளும். அதற்கு செஷன் என்று பெயர். எங்கள் தளம் அதில் வைப்பது இரண்டு: பெயர், சேர்க்கை எண். லாக்-அவுட் செய்யும்போது இரண்டையும் அழிக்க வேண்டும். எங்கள் லாக்-அவுட் பக்கம் பெயரை மட்டும் அழிக்கிறது. மேலே ‘வணக்கம் கௌசிகா’ மறைந்துவிடும், பார்க்கிறவள் வெளியே வந்துவிட்டதாக நம்பி எழுந்து போய்விடுவாள். எண் உள்ளேயே உட்கார்ந்திருக்கும், பிரவுசரை மூடும்வரை. பிரவுசரை மூடத்தான் சார் விடுவதில்லையே.

அடுத்தவள் லாக்-இன் செய்தால் பழைய எண் போய் அவள் எண் வந்துவிடும். அதனால் யாருக்கும் தெரியாது. லாக்-இன் செய்யாமல் ‘மனம் திறந்து’ பக்கத்தின் முகவரியை நேராக அடித்தால்தான் கோளாறு. அந்தப் பக்கம் எண் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். உட்கார்ந்திருப்பவள் யார் என்று கேட்காது.

இப்படி ஒரு லாக்-அவுட்டை எழுதின மடையனை என்ன செய்வது.

எழுதினது நான்தான். நன்றாகப் படிக்கிற பிள்ளையிடம் வேலையைத் தள்ளிவிடுவது தியாகு சாரின் வழக்கம். பயிற்சி என்று அதற்குப் பெயர் வைப்பார். தளத்தில் பாதிக்கு மேல் நான் அடித்தது. லாக்-அவுட்டை நவம்பரில் ஒரு மாலை, அம்மா தேங்காய் துருவக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தபோது அவசரமாக முடித்தேன். பெயர் மறைந்தது, சரி என்று எழுந்துவிட்டேன். தப்பு டிசம்பரில் தெரிந்தது. சொல்லவில்லை. தாளாளர் முன்னால், “எல்லாம் நானே செஞ்சேன்” என்று சார் பல்லைக் காட்டிய வாரம் அது. அவர் பெயரிலேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

ஜனவரி 23, வெள்ளி

கௌசிகாவை இரண்டாம் வரிசையில் நிற்க வைத்தார்கள். அவள் மதிப்பெண் தொண்ணூற்று ஒன்று. அவள் தட்டில் அந்தச் சோற்றைப் போட்டது அம்மா.

ஜனவரி 24, சனி

தியாகு சாரிடம் போய்ச் சொன்னேன். என்னைப் பற்றி அல்ல, லாக்-அவுட்டைப் பற்றி. அவருக்குப் புரிய மூன்று முறை செய்து காட்ட வேண்டியிருந்தது. மூன்றாம் முறை நெற்றி வியர்த்துவிட்டது.

“இது வேற யாருக்குத் தெரியும்?”

யாருக்கும் தெரியாது என்றேன். அப்படியானால் அந்தக் குறையை கௌசிகாதான் எழுதினாள் என்று சொல்ல முடியாதே சார், தாளாளரிடம் சொல்லிவிடலாமே என்றேன். அவர் எழுந்து லேப் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“பவதாரணி, லாக்-அவுட் நீ அடிச்சதுதானே? இந்தக் கதைய நான் மேல கொண்டுபோனா மொதல்ல கேக்கறது யார அடிக்கவிட்டன்னுதான். உங்கம்மா இங்க எத்தன வருஷமா இருக்காங்க?”

ஒன்பது வருடம் என்றேன்.

“அப்ப அத யோசி. திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணி வெச்சுரு. சரி பண்ணுனதுக்கப்பறம் தப்புன்னு ஒண்ணு இருந்ததே கெடையாது. செவ்வாக்கெழம நீயே வந்து சிஸ்டத்த ஓட்டிக் காட்டு.”

அவருக்கு அதை ஓட்டக்கூடத் தெரியாது. அதற்கும் நான் வேண்டும்.

கெட்டிக்காரர்தான். தப்பைச் சரி செய்தால் கௌசிகாவைக் காப்பாற்ற இருந்த ஒரே சாட்சியும் போய்விடும். நான் ஏன் இதை இவ்வளவு தெளிவாகத் தெரிந்துவைத்திருக்கிறேன் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

இரண்டு மூட்டை வெங்காயம் உரித்தோம். அம்மா திடீரென்று, “அந்தக் கௌசிகாப் புள்ள எழுதியிருக்காதுடி” என்றாள். ஏன் என்று கேட்டேன். பழைய சோறு எந்தச் சட்டியில் இருக்கிறது என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாதாம். பழசும் புதுசும் ஒரே மாதிரி ஆவி பறக்கத்தான் வருகிறது, சூடு பண்ணிப் போடுவது அம்மாதானே. “உள்ள நின்னவங்கதான் எழுதியிருக்கோணும்” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒன்பது வருடமாக மேடம் சொன்னார், மேடம் சொன்னார் என்று அந்தச் சோற்றைக் கரண்டியால் எடுத்துப் போடுகிற கைக்கு, எழுதின கையைக் கண்டுபிடிக்க மட்டும் தெரிகிறது.

அம்மாவுக்காகத்தான் பயந்தேன். என் எண்ணில் எழுதினால் மறுநாளே இருவரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். எண் சேமிக்கப்படும் என்பது எனக்குத் தெரியும், அந்தப் பக்கத்தை அடித்தவளும் நான்தானே. அதனால் லாக்-இன் செய்யவில்லை. அவள் எண் உள்ளே கிடந்தது, அதில் போய் விழுந்தது. அவ்வளவுதான்.

அவ்வளவு மட்டும் இல்லை. லேபில் என்னை முதலில் நிறுத்தியது மூன்றாம் எண் கணினியின் வரிசையில். கௌசிகா ஏழாம் எண் பக்கம் போனதைப் பார்த்துத்தான் மாறி நின்றேன். வெங்காய வாசம் என்று அவள் சொன்னது அதற்குப் பிறகு.

இந்த வரிகளைக் கோடு போட்டு அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம். நெஞ்சில் உள்ளதை அஞ்சாமல் பேசும் உரிமையைப் பற்றித் தாளாளர் இருபது நிமிடம் பேசினார். வெயிலில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். பிறகு ஆளுக்கு ஒரு லட்டு.

மாலை லேபைத் திறந்து கொடுத்துவிட்டு தியாகு சார் டீ குடிக்கப் போனார். லாக்-அவுட் பக்கத்தைத் திறந்தேன். சரி செய்ய மூன்று வரி போதும். விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சார் வந்து, “முடிச்சாச்சா?” என்றார். தலையை ஆட்டினேன். பெயர் மறைவதை அவரிடம் காட்டினேன். முன்பும் மறைந்துகொண்டுதான் இருந்தது. “சூப்பர்” என்றார்.

நாளைக்கு என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. எதையும் அடிக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஜனவரி 27, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதுகிறேன். இனி ஒளித்து என்ன.

தாளாளர் அறையில் ஏ.சி. குளிர். தாளாளர், வார்டன், தியாகு சார், கௌசிகா, அவள் அப்பா மாரப்பன். அவர் இரண்டு நாள் ரயிலில் நின்றுகொண்டே வந்தவர், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பேன்டின் ஓரத்தில் வேறு ஊர்ச் செம்மண் காய்ந்திருந்தது. மகளைப் பார்க்கவில்லை, கணினியையே ஏதோ விஷப்பூச்சியைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு சாரின் எடுபிடியாக நின்றேன்.

கௌசிகாவின் எண் இருக்கும் பக்கத்தைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். தாளாளர் மாரப்பனிடம், இதுக்கு மேல நாங்க என்னங்க பண்றது, டி.சி.ய வாங்கிக்குங்க என்றார். வார்டன் தாளை மேசையில் தயாராக வைத்திருந்தார். மாரப்பன் பேனாவுக்காகச் சட்டைப்பையைத் தடவினார். அப்போதுதான் வாய் திறந்தது, என் வாய்தான் என்று நம்ப முடியவில்லை.

“சார், கையெழுத்துக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ லாக்-இன் பண்ணிப் பாருங்க.”

தியாகு சார் என் பக்கம் திரும்பினார். சிஸ்டம் சரியாக வேலை செய்கிறது என்று காட்டுகிறேன் என்று நினைத்தார் போலும், தடுக்கவில்லை. தாளாளர் ஒற்றை விரலால் அடித்தார். ‘வணக்கம் தாளாளர்’ என்று வந்தது, அவர் முகத்திலும் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. லாக்-அவுட் செய்யச் சொன்னேன். செய்தார். பெயர் மறைந்தது. வெளியே வந்துவிட்டீர்களா சார் என்றேன். வந்துவிட்டேன் என்றார்.

‘மனம் திறந்து’ பக்கத்தின் முகவரியை அடித்தேன். அதே நான்கு வரியை மறுபடி எழுதினேன், முந்தின நாள் சோற்றிலிருந்து மிரட்டல்வரை. அனுப்பினேன். வந்த குறைகளின் பட்டியலைத் திறந்து காட்டினேன்.

“எண் ஒன்று” என்று தாளாளர் வாய்விட்டுப் படித்தார். பிறகுதான் அது தன் எண் என்று அவருக்கு உறைத்தது.

தியாகு சார் ஏதோ சர்வர், அப்டேட் என்று ஆரம்பித்தார். தாளாளர் கையைக் காட்டி நிறுத்தினார். அடுத்துப் பேசியது மாரப்பன்தான்.

“எனக்கு இந்தப் பொட்டி சமாச்சாரம் தெரியாதுங்க. அதுல எழுதுன சோத்துச் சமாச்சாரம் நெசமுங்களா? எம்புள்ள தட்டுலயும் அதான் விழுந்துச்சுங்களா?”

வார்டன் ஜன்னலைப் பார்த்தார். தாளாளர் அதற்குப் பதில் சொல்லாமல், கௌசிகாவிடம் திரும்பி, அன்று அவளுக்குப் பிறகு அந்தக் கணினியில் உட்கார்ந்தது யார் என்று கேட்டார்.

நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டவள் அவள். வெங்காய வாசம் என்றவள். அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. அந்த அறையில் அழுதபோது தெரியும், இரண்டாம் வரிசையில் நின்றபோது தெரியும். அது அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது.

“நான் திரும்பிப் பாக்கலீங்க சார்” என்றாள்.

அந்த வாலாட்டி, அந்தப் பட்டியல்காரி. ஆறு நாள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

“நான்தானுங்க சார் உக்காந்தேன். எழுதுனதும் நான்தான். அவ நம்பர்ல வேணும்னுதான் எழுதுனேன்” என்றேன்.

ஜனவரி 28, புதன்

தீர்ப்பு வந்துவிட்டது. கௌசிகாவுக்கு டி.சி. இல்லை. எனக்குப் பொதுத்தேர்வு எழுத அனுமதி உண்டு, லேபுக்குள் போக அனுமதி இல்லை. செய்முறைத் தேர்வன்று மட்டும் போகலாம். தேர்வு முடிந்ததும் அம்மா வேலையை விட்டுப் போய்விட வேண்டும். தியாகு சாருக்கு ஒன்றுமில்லை. மாணவியை நம்பிக் கெட்ட நல்லவர் என்று பெயர் எடுத்திருக்கிறார். இரண்டாம் வரிசையை நிறுத்திவிட்டார்கள், அது என்றுமே இருந்ததில்லை என்ற அறிவிப்போடு.

அம்மாவிடம் இரவு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று சுவரோடு ஒட்டி உட்கார்ந்தேன். அவள் பாயை உதறிப் போட்டுக்கொண்டே, “எங்கிட்ட மொதல்ல சொல்லியிருந்தா, அந்தச் சோத்த நானே கொண்டுபோயி மாட்டுத்தொட்டீல கொட்டியிருப்பனே” என்றாள்.

கொட்டியிருக்க மாட்டாள். ஒன்பது வருடம் கொட்டவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு, தூங்காமல் இருந்தாள். நானும் டிசம்பர் முழுக்கச் சொல்லாமல் இருந்தவள்தானே என்று பேசாமல் விட்டேன்.

ஜனவரி 29, வியாழன்

மாலையில் கௌசிகா சமையலறை வாசலுக்கு வந்தாள். அம்மாவிடம், “அக்கா, இவளக் கொஞ்சம் வெளிய அனுப்புங்க” என்றாள். அடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏன் சொல்லவில்லை என்று நானே கேட்டுவிட்டேன்.

“எழுதுனது நெசந்தானே. பட்டியல் படிக்கறவளுக்கு அது தெரியாதா?” என்றாள். கூடவே, “அதுக்குன்னு உன்ன விட்டுட்டேன்னு நெனைக்காத. எங்கப்பா பேனாவத் தேடுனாரே, அத நான் சாகறவரைக்கும் மறக்க மாட்டேன்” என்றாள்.

பிறகு லாக்-அவுட்டைச் சரி செய்துவிட்டேனா என்று கேட்டாள். இல்லை, இனி லேபுக்குள் போக முடியாது, தியாகு சாருக்கும் சரி செய்யத் தெரியாது என்றேன். அப்படியானால் நாளைக்கு வேறு எவளாவது மாட்டுவாளே, சொல்லு நான் போய் அடிக்கிறேன் என்று நோட்டை எடுத்தாள். கௌசிகா. கம்ப்யூட்டர் பாடத்தின் ‘ஃபார்’ லூப்பையே மனப்பாடம் செய்து எழுதுகிறவள்.

மூன்று வரி என்றேன். முதல் வரி செஷன் ஸ்டார்ட். இரண்டாவது, உள்ளே இருப்பதையெல்லாம் காலி செய்யும் அன்செட். மூன்றாவது, செஷனையே அழிக்கும் டெஸ்ட்ராய். அவள் முதல் வரியிலேயே பேனாவை நிறுத்தினாள்.

“அழிக்கத்தானே போறோம். அப்பறம் எதுக்குடி ஸ்டார்ட்டு?”

“மொதல்ல செஷனத் தொறக்கோணும். தொறக்காம அழிக்கச் சொன்னா அது எதையும் அழிக்காது. வெளிய பாத்தா அழிச்சாப்பல தெரியும். உள்ள எல்லாம் அப்படியே கெடக்கும்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“உன்னையாட்டவே” என்றாள்.

அடுத்த வரியைச் சொன்னேன்.